குப்பைப் பள்ளத்தில் இரண்டு வெள்ளி ரூபாய்

பாலிடெக்னிக் கடைசி வருஷத்தில் நான் செய்த மெட்டல் டிடெக்டருக்கு வகுப்பில் நல்ல பேர் கிடைத்தது. பிளாஸ்டிக் சல்லடை ஒன்றின் விளிம்பில் செப்புக்கம்பி சுற்றி, அதைப் பைப்பின் நுனியில் மாட்டி, பழைய பாக்கெட் ரேடியோவோடு இணைத்திருந்தேன். காதில் ஹெட்போன். சலித்த மணல் நிரப்பிய தட்டில் ஒரு ரூபாயைப் புதைத்துவிட்டு மேலே அந்தக் கம்பி வட்டத்தைக் கொண்டுபோனால், ஊளையிட்டுக்கொண்டிருக்கும் சத்தம் சட்டென்று மேலே ஏறும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். அதை ராஜபாளையத்துக்குத் தூக்கிவந்து அம்மாவிடம் காட்டாமல் இருக்க முடியவில்லை.

அம்மா ராட்டையில் தறிக்கு ஊடை நூல், தார், சுற்றிக்கொண்டிருந்தாள். பேண்டேஜ் துணி நெய்கிற தறி. ராட்டையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"எம்புட்டு ஆழத்துல இருந்தாலும் காட்டுமா?"

நல்ல மண்ணாக இருந்தால் ஒரு சாண் ஆழம் வரை காட்டும் என்றேன். "குப்ப மண்ணா இருந்தா?" என்று கேட்டாள். என் படிப்பில் அம்மா அப்படி அக்கறை காட்டியது அதுதான் முதல் தடவை. எனக்குப் பெருமையாக இருந்தது. வேறெதையும் நான் யோசிக்கவில்லை.

அது சித்திரை மாதம். புரட்டாசியில் அக்கா தேவதானத்திலிருந்து பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அத்தான் அங்கே வயல் வேலையில் இருந்தார். அக்காவுக்கு இது மூன்றாவது. முதல் இரண்டும் தங்கவில்லை. இரண்டு முறையும் நல்லபடியாக நடந்து ஆஸ்பத்திரிக்குப் போனவள், வெறுங்கையோடு திரும்பி வந்தாள். அந்த இரண்டு நாட்களைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா இருந்தார். அக்காவுக்கு அவரிடம் நம்பிக்கை. வந்த வாரமே கூட்டிப்போனோம். காலை அழுத்திப் பார்த்தார். விரல் பட்ட இடத்தில் குழி விழுந்து அப்படியே நின்றது. பிரஷர் ஏறியிருக்கிறது, உப்பு கூடாது, இரண்டு மூன்று நாளில் துணிமணியோடு வந்து படுத்துவிட வேண்டும், வீட்டில் வைத்துக்கொண்டிருக்காதீர்கள் என்றார். இதை என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். நான் இரண்டு தடவை தலையை ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, அனுப்ப மாட்டேன் என்றாள்.

நான் கத்தினேன். படித்ததையெல்லாம் சொன்னேன். அக்காவிடம் முறையிட்டேன். அவளும் சுவரைப் பார்த்துக்கொண்டு, அம்மா சொல்லட்டும் தம்பி, அம்மா சொன்னால் போவோம் என்றாள். அம்மா கடைசியில் அடுப்படிக்குப் போய், அங்கிருந்தபடியே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். இரண்டாவது பிள்ளை போன அன்றைக்கு அய்யனாருக்குக் காசு முடிந்து வைத்திருக்கிறாள். அப்பா இருக்கும்போது அவளுக்கு வந்த வெள்ளி ரூபாய் இரண்டு. ராஜா தலை போட்டது. தாய்க்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று. மஞ்சளில் நனைத்த துணியில் வைத்து முடிந்து, மறுபடி உண்டானால் எட்டாம் மாதம் பிறக்கும் முன்னால் மலையில் இருக்கிற அய்யனார் கோவில் உண்டியலில் கொண்டுவந்து சேர்க்கிறேன் என்று நேர்ந்திருக்கிறாள். முடிச்சை வெளியில் வைத்திருந்தால் கஷ்டம் வந்த நாளில் அடகுக்குப் போய்விடும் என்று பயந்து, சாமி மூலையில் மண்சுவரில் பொந்து தோண்டி உள்ளே வைத்து, மேலே மண் அப்பிச் சாணி போட்டு மெழுகிவிட்டாள். நேர்ந்ததை வெளியில் சொல்லக் கூடாது என்பதால் யாரிடமும் சொல்லவில்லை.

போன ஐப்பசி மழையில் விழுந்தது அந்தச் சுவர்தான். அம்மா அப்போது தேவதானத்தில் நாற்று நடவுக்குப் போயிருந்தாள். விழுந்த மண்ணை நான் மாட்டுவண்டியில் ஏற்றி, எண்ணெய் செக்குக்குப் பின்னால் இருந்த பள்ளத்தில் கொட்டச் சொன்னேன். தெருவில் எல்லார் வீட்டு மண்ணும் அங்கேதான் போயிற்று. திரும்பி வந்த அம்மா, தனியாகப் போய் அந்த மண்ணைக் கையால் கிளறிப் பார்த்திருக்கிறாள். கிடைக்கவில்லை. அதற்கு மேல் குப்பை விழுந்துவிட்டது.

எட்டாம் மாதம் பிறந்திருந்தது. காசு போய்ச் சேராமல் ஆஸ்பத்திரிப் படி ஏறினால் இந்தத் தடவையும் வெறுங்கைதான் என்றாள் அம்மா.

வேறு வெள்ளி ரூபாய் வாங்கி முடிந்து போட்டுவிடலாமே என்றேன். நேர்ந்த காசுக்கு மாற்றுக் காசு கிடையாது என்றாள். பிறகு அவளே கேட்டாள்.

"அந்தக் கூவுற மெஷின எடுத்துட்டுப் போறியா?"

பள்ளம் ஒரு பாயுடையது. பழைய இரும்புக் கடை வைத்திருந்தார். அதை மேடாக்கி குடோன் கட்டுவது அவர் எண்ணம். அதனால் யார் எதைக் கொட்டினாலும் கேட்க மாட்டார். ஆனால் மழைக்கு முன்னால் சரள் மண் அடித்து ரோலர் விட்டுவிட வேண்டும் என்று ஏற்கெனவே லாரிக்குச் சொல்லியிருந்தார். நான் போய், காலேஜ் புராஜெக்ட், மெஷினை டெஸ்ட் பண்ண வேண்டும், உங்கள் இடத்தில் நடந்து பார்க்கட்டுமா என்று கேட்டேன். நேர்ந்த காசு என்று சொல்லக் கூடாது என அம்மா சத்தியம் வாங்கியிருந்தாள். பாய் என் ஹெட்போனையும் பைப்பையும் மேலும் கீழும் பார்த்தார்.

"பொதையல் கிதையல்னு எதாச்சும் வந்துச்சுன்னா எனக்கு முன்னால தாசில்தாருக்குத் தெரிஞ்சிரும் தம்பி. பொறவு எடத்தச் சுத்திக் கயித்தக் கட்டிப் போட்டுருவான். எனக்குக் குடோன் போயிரும். நீ படிச்ச புள்ள, பாத்து நடந்துக்க" என்றார். லாரி வருகிறவரை பார்த்துக்கொள் என்று அனுமதி கொடுத்தார். என்றைக்கு வரும் என்று கேட்டதற்கு, லாரிக்காரன் மனசு வைக்கிற அன்றைக்கு என்றார்.

முதல் நாள் பள்ளத்தில் இறங்கி பேட்டரியை இணைத்த உடனே தெரிந்துவிட்டது. தட்டு மணல் வேறு, இந்த மண் வேறு. சத்தம் ஓரிடத்தில் நிற்கவில்லை. சோடா மூடி, பிளேடு, செத்த பேட்டரி, ஆணி, கொண்டை ஊசி, டப்பா, அறுந்த செருப்பின் கொக்கி எல்லாம் கூவின. இரும்புக்குச் சத்தம் இறங்கும், வெள்ளிக்கு ஏறும் என்று நோட்டில் எழுதியிருந்தேன். சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் ஈயக் காகிதமும் வெள்ளி மாதிரியே ஏறியது. ஆணியும் காகிதமும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால் ஒன்றை ஒன்று அமுக்கிவிட்டு, அங்கே ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. அந்த மாதிரி அமைதியான இடங்களில்தான் எனக்கு அதிகப் பயம் வந்தது.

மில் கழிவு இன்னும் மோசம். ஸ்பின்னிங் மில்லில் நூல் ஓடும் வளையத்தில் டிராவலர் என்று ஒன்று போடுவார்கள். நகக்கண் அளவில், வளைந்த கம்பித்துண்டு. தேய்ந்ததைக் கழற்றித் தரையில் போட, அது பஞ்சுத் தூசியோடு கூட்டி அள்ளப்பட்டு இங்கே வந்துவிடும். பள்ளத்தின் ஒரு பக்கம் முழுக்க அந்தச் சாம்பல் நிறப் பஞ்சு மெத்தை மாதிரிக் கிடந்தது. அதன் மேல் வட்டத்தைக் கொண்டுபோனால் தேனீக்கூட்டுக்குள் காதை வைத்த மாதிரி இருக்கும். எங்கள் வீட்டுச் சுவர் மண் அதற்குக் கீழேதான் எங்கேயோ இருந்தது.

வெயில் ஏற ஏறக் கம்பிச்சுருள் சூடாகி சத்தம் தானாகவே நழுவும். ஒவ்வொரு தடவையும் ரேடியோவின் குமிழைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். ஏறியது வெள்ளியாலா வெயிலாலா என்று தெரியாது. சந்தேகம் வந்த இடத்தையெல்லாம் தோண்டினேன். காலையில், படிப்பு முடிந்து நான் வேலைக்குச் சேர்ந்திருந்த ரேடியோ ரிப்பேர் கடையில் சொல்லிவிட்டு வருவேன். சாயங்காலம் வீடு திரும்பினால் அம்மா என் கையைத்தான் முதலில் பார்ப்பாள். அக்கா காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள். அவளுடைய மெட்டியைக் கழற்ற முடியாமல் சோப்புப் போட்டு இழுத்தார்கள் ஒருநாள். விரல் அப்படி வீங்கியிருந்தது.

பள்ளத்தில் எனக்கு முன்னால் இருந்தவள் ஒரு அக்கா. நாற்பது வயசு இருக்கும். பாய் கடைக்கு இரும்பு, தகரம் பொறுக்கிப் போடுகிறவள். கையில் ஒரு வளைந்த கம்பி, முதுகில் சாக்கு. நான் அவள் தொழிலுக்குப் போட்டியாக வந்திருக்கிறேன் என்று முதலில் நினைத்துவிட்டாள். நான் தோண்டி எடுத்துப் போடும் ஆணிகளை ஒரு நாள் முழுக்கத் தூரத்திலிருந்து பார்த்தாள். நான் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்ததும் பின்னாலேயே வந்து அவற்றைச் சாக்கில் போட ஆரம்பித்தாள்.

"ஏலே டாக்டரு, பூமிக்குக் காய்ச்சல் எறங்கிருச்சா?" என்பாள், என் ஹெட்போனைப் பார்த்து. இன்னொரு நாள், "காலேசுல பீஸ் கட்டிப் படிச்சிட்டு நீயும் இங்கதான் வந்து நிக்கே. நான் நேரா வந்துட்டேன்" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாயைத் திறந்தால் எங்கே சொல்லிவிடுவேனோ என்று பயந்து, அவளிடம் பேசாமலே இருந்தேன். படித்த திமிர் என்று அவள் முணுமுணுத்தது காதில் விழுந்தது.

டாக்டரம்மா சொன்ன கெடு தாண்டிவிட்டது. அக்கா தலைவலி என்று சொல்ல ஆரம்பித்திருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு காசு கிடைத்தது. பஞ்சுக் கழிவை மண்வெட்டியால் ஒதுக்கிவிட்டு, அடியில் செம்மண் தெரிந்த இடத்தில் வட்டத்தை வைத்தபோது சத்தம் ஏறியது. நகர்த்தினேன், இறங்கியது. திரும்பக் கொண்டுவந்தேன், அதே இடத்தில் ஏறியது. மண்டியிட்டு விரலால் பறித்தேன். கறுத்துப்போன வட்டம். எச்சில் தொட்டுத் தேய்த்தால் வெள்ளை தெரிந்தது. சுற்றிலும் இன்னும் ஒரு முழம் தோண்டிப் பார்த்தேன். துணியும் இல்லை, இன்னொரு காசும் இல்லை. அந்த அக்கா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"வெள்ளியா? கொண்டு போ கொண்டு போ. பாய் கண்ணுல பட்டுராம" என்றாள். அவள் பங்கு கேட்கவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. சைக்கிளை மிதித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

அம்மா வாங்கி, வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்தாள். தலை தெளிந்து வந்தது. கொண்டை போட்ட ராணி தலை.

"நம்மளுது ரெண்டும் ராஜா. இது யாரு வீட்டுச் சுவர்ல இருந்ததோ" என்றாள். அந்தக் காசை என் கையில் திருப்பிக் கொடுத்தாள். எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டு வரச் சொன்னாள்.

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். உள்ளே அக்கா என்னைக் கூப்பிட்டாள். போனேன். கண்ணுக்கு முன்னால் பூச்சி பூச்சியாகப் பறக்கிறது தம்பி, அம்மாவிடம் சொல்லாதே என்றாள். காசு கிடைத்ததா என்றும் கேட்டாள். கிடைத்துவிடும் என்றேன். அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். விடவில்லை.

மறுநாள் காலையில் நான் பள்ளத்துக்குப் போனபோது ரோட்டோரமாகச் சரள் லாரி ஒன்று ஏற்கெனவே கொட்டிவிட்டுப் போயிருந்தது. ரோலர் மத்தியானம் வரும் என்றார்கள். ராணிக் காசை எடுத்த குழியிலேயே போட்டு மூடிவிட்டுப் பேட்டரியை மாட்டினேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு நின்றேன். எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அந்த அக்கா கம்பியை ஊன்றிக்கொண்டு வந்து நின்றாள். இந்தத் தடவை டாக்டர் என்று கூப்பிடவில்லை.

"வீட்டுல யாருக்குத் தம்பி சொகமில்ல?"

எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. அம்மாவுக்குக் கொடுத்த சத்தியம் ஞாபகத்தில் இருந்தது. அக்கா என் சட்டையைப் பிடித்ததும் ஞாபகத்தில் இருந்தது. சொல்லிவிட்டேன். அம்மா காசு முடிந்தது, சுவர் விழுந்தது, மண்ணை வண்டியில் கொட்டியது, அக்காவை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப மறுப்பது, எல்லாம். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் சாக்கைக் கீழே வைத்துவிட்டாள்.

"மஞ்சத்துணியா? ரெட்டை முடிச்சா?"

ஆமாம் என்றேன். முடிச்சு எத்தனை என்று எனக்கு உண்மையில் தெரியாது.

"சாணி மொழுகுன மண்ணுக்கட்டிக்குள்ள இருந்துச்சு. வண்டி கொட்டுன அன்னைக்கே எங்கைல பட்டுருச்சுலே" என்றாள்.

எங்கே, எங்கே என்று மட்டும் கேட்டேன். அவள் பொறுமையாகச் சொன்னாள். முடிந்த காசை விற்கவும் கூடாது, வீட்டில் வைக்கவும் கூடாது. யாருடையது என்று தெருவில் கேட்டால் நாலு பேர் எனது என்று வருவார்கள். தொட்ட கையோடு எடுத்துப்போய்ப் பள்ளத்தின் கரையில் நின்ற முள்மரத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். கொட்டினவர்கள் தேடி வந்தால் பார்த்து எடுத்துக்கொள்ளட்டும் என்று. அம்மா வந்து மண்ணைத்தான் கிளறியிருக்கிறாள். மரத்தைப் பார்க்கவில்லை. தை அமாவாசை வரை அது அங்கேயே தொங்கியிருக்கிறது. அதன்பிறகு, மலைக்கு நடந்துபோன கூட்டத்தோடு இவளும் போனபோது, எடுத்துக்கொண்டுபோய் உண்டியலில் போட்டுவிட்டாள்.

"எந்த உண்டியல்ல?"

"அய்யனாருக்குத்தான். நமக்கு வேற எங்க நடந்து போவ முடியும்?"

வீட்டுக்கு வாங்க அக்கா என்றேன். நான் சொன்னால் அம்மா நம்ப மாட்டாள், ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதற்காகப் பொய் சொல்கிறேன் என்பாள். அவள் தன் புடவையைப் பார்த்துத் தயங்கினாள். இப்படியேவா என்றாள். மெஷினை அங்கேயே மண்ணில் போட்டுவிட்டு அவளைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிவந்தேன்.

அம்மா அவளை வாசலில் வைத்தே கேட்டாள். நான் சொல்ல வாயெடுத்தபோது, நீ சும்மா இரு என்றாள். அவள் மறுபடி முதலிலிருந்து எல்லாம் சொன்னாள். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"முடிச்சப் பிரிச்சுப் பாத்தியா?"

"பிரிப்பனா? என்னைய பிடிச்சுக்கிடாது?"

"யாரு பேரைச் சொல்லிப் போட்ட?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. அம்மாவுக்கு இதுதான் கேள்வி என்று அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது. உள்ளே அக்கா எழுந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த அக்கா கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்லிவிடு என்று நான் மனசுக்குள் அவளைக் கும்பிட்டேன்.

"பேரு தெரியாதுல்லா. இத எவ முடிஞ்சாளோ, எதுக்கு முடிஞ்சாளோ, அதக் குடுத்துரு சாமினு சொன்னேன். வேற என்னத்தச் சொல்ல?"

அம்மாவின் உதடு மட்டும் அசைந்தது. மாதங்களைக் கணக்குப் பார்க்கிறாள் என்று பிறகு புரிந்தது. தையில் காசு போயிருக்கிறது. அக்காவுக்கு நாள் தள்ளியது மாசியில்.

"வாங்கிக்கிட்டுத்தான் குடுத்திருக்கான்" என்றாள், யாரிடமோ பேசுவது போல. பிறகு என்னைப் பார்த்து, "என்னல பாத்துக்கிட்டு நிக்கே, பஸ்ஸு எத்தன மணிக்கு?" என்றாள். உள்ளே போய் அக்காவின் துணிகளை ஒரு பைக்குள் திணிக்க ஆரம்பித்தாள். அந்த அக்காவுக்கு ஒரு வாய் காப்பி கொடுக்கக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை. நாங்கள் தெருமுனை திரும்பும்போது அவள் எங்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்வதற்குள் பஸ் நின்ற ஒவ்வொரு நிறுத்தத்திலும் நான் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பிரஷர் பார்த்துவிட்டு நர்சிடம் ஏதோ வேகமாகச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். பேண்ட் போட்டிருந்தவன் நான் ஒருவன்தான்.

"அன்னைக்கே வரச் சொன்னேன். இவ்வளவு நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

தேடிக்கொண்டிருந்தோம் என்று வாய் வரை வந்தது. எதை என்று கேட்பாரே. வீட்டில் கொஞ்சம் பயந்தார்கள் மேடம் என்றேன்.

"பயத்தையும் சேத்து இங்க கூட்டிட்டு வந்திருக்கலாமே" என்றார்.

ஆபரேஷன் என்றார்கள். அத்தானுக்கு ஆள் அனுப்பியிருந்தோம், வந்து சேரவில்லை. கையெழுத்துப் போட என்னைக் கூப்பிட்டார்கள். நகக்கண்ணில் பள்ளத்து மண் இருந்தது. அச்சடித்திருந்த வரிகளை முழுக்கப் படித்தேன். படிக்காமல் போட்டிருக்கலாம் என்று தோன்றியது. என்ன எழுதியிருக்கிறது என்று அம்மா கேட்டாள். நல்லபடியாகப் பார்த்துக்கொள்வோம் என்று எழுதியிருக்கிறது என்றேன்.

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. எடை குறைவு என்று கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கின் கீழ் வைத்துவிட்டார்கள். அக்காவுக்கு மயக்கம் தெளிய நேரமாயிற்று. அதுவரை அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. அக்கா கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்ட பிறகுதான் அம்மா என்னிடம் பேசினாள்.

"அவ பேரு என்னல?"

எனக்குத் தெரியவில்லை. இத்தனை நாள் ஒரே பள்ளத்தில் நின்றும் கேட்டதில்லை. மலைக்குப் போகும்போது அவள் பேரையும் சொல்ல வேண்டும், காலையில் முதல் பஸ்ஸில் போய்க் கேட்டுக்கொண்டு வா என்றாள் அம்மா.

போனேன். பள்ளத்தில் பாதிக்கு மேல் சரள் மூடியிருந்தது. ரோலர் ஓடிக்கொண்டிருந்தது. மிச்சமிருந்த மூலையில் அவள் அவசர அவசரமாகக் கிளறிக்கொண்டிருந்தாள். கிட்டே போய் நின்று, அக்கா உங்கள் பேர் என்ன என்றேன். நிமிர்ந்து பார்த்தாள். ரோலர் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"அது கெடக்கட்டும். புள்ள எம்புட்டு எடை?"

இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி என்றேன். அவள் வலது உள்ளங்கையை மேலே விரித்து, எதையோ வைத்துத் தூக்கிப் பார்ப்பது போல இரண்டு முறை மெல்ல அசைத்தாள்.

"தேறிரும்" என்றாள். பிறகுதான் பேரைச் சொன்னாள்.